நீர்யானைக் கொட்டிலின் உட்கதவு

மார்ச் 3

காலையில் நீர்யானைக்குப் பூசணி உடைத்துப் போட்டேன். கம்பி இடைவெளியில் கைவிட்டு ஈறைத் தேய்த்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். இந்த மிருகக்காட்சிசாலையில் பதினோரு வருஷப் பழக்கம். வெளியே தொட்டியைக் கழுவுகிறவர் எப்போதும் தள்ளி நின்றே பார்ப்பார். இடைவேளையில் வேதம் படிக்கிற ஆள், அதனால் எங்களுக்கு 'வாத்தியார்'. எபிரெயரின் பழைய வேதத்தில் இப்படி ஒரு மிருகம் வருகிறதாம். ஆற்றில் வெள்ளமே வந்தாலும் பதறாதாம். அதற்கு மூக்கணாங்கயிறு போட மனுஷனால் ஆகாதாம்.

"படைச்சவனுக்கு மட்டுந்தாம்மா அது அடங்கும்."

"எனக்கும் அடங்கும் வாத்தியாரே," என்றேன்.

சிரித்தார்.

மார்ச் 9

எழுத வரவில்லை.

மார்ச் 10

எழுதியே ஆகணும். நேற்று தொட்டியில் இறங்கும் முன் வாத்தியார் கேட்டார்: "உட்கதவு பூட்டியாச்சாம்மா?" "ஆச்சு" என்றேன். தாழ்ப்பாள் மட்டும்தான் போட்டிருந்தேன். பூட்டு என் பையில். அவள் முட்டமாட்டாள் என்று — யார் சொன்னது? நானேதான். ஒரே மோதல், தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு போனது; தொட்டிக்குள் பாய்ந்தாள். பேர் சொல்லிக் கத்தினேன். பதினோரு வருஷமாக நான் கூப்பிட்ட பேர். தலையைக்கூடத் திருப்பாமல் அவர் காலைக் கவ்வினாள். குழாய்த் தண்ணீரை அவள் முகத்தில் பீய்ச்சியடித்து, அவரை வெளியே இழுத்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

மார்ச் 14

மேலாளரின் அறிக்கை: பூட்டைப் பார்க்காமல் இறங்கியது ஊழியரின் கவனக்குறைவு. வாத்தியாருக்கு அன்று நடந்தது எதுவும் நினைவில்லை. சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். போட்டேனே! சீ.

மார்ச் 17

மருத்துவமனை. அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இல்லேன்னா ஆளே போயிருப்பாரும்மா." அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

வாத்தியார் கேட்டார்: "அதை ஒண்ணும் பண்ணலையே? அது மேல தப்பில்ல."

"தப்பு என் மேல வாத்தியாரே. நான் பூட்டல. பூட்டினேன்னு பொய் சொன்னேன்."

அந்த அம்மா கையை விட்டுவிட்டார். வாத்தியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 18

எல்லாவற்றையும் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். "வேலை போயிடும், தெரியுமில்ல?" தெரியும்.

ஏப்ரல் 6

போய்விட்டது.

ஜூன் 2

செயற்கைக் கால் பயிற்சி. மனைவிக்கு லீவு கிடைக்காத நாட்களில் நான் கூடப் போகிறேன். அந்த அம்மாவே போன் செய்து சொன்னதுதான்: "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. ஆள் வேணும், அவ்வளவுதான்." இன்று வாத்தியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்பது அடி வைத்தார். பத்தாவதில் தடுமாறினார். தாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் திரும்பிக்கொண்டதற்குப் பிறகு இன்றுதான் என்னிடம் வாய் திறந்தார்.

"கொஞ்சம் மெதுவாப் போம்மா."