மேடையில் எரித்த தாள்

என் வாழ்க்கைத் துணைக்கு,

நீ சொன்ன மஞ்சள் பையில் அந்தச் சீட்டு இல்லை. நான்கு நாளாகத் தேடுகிறேன் என்றது பொய்.

பட்டாசு ஆலை வெடிவிபத்துக்குப்பின் உன் தலைக்குள் குருதிக்குழாயைக் கவ்வ வைத்த உலோகம் எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் காந்தத்துக்கு அசையுமா என்பதை அச்சீட்டு ஒன்றே சொல்லும். அசைந்தால் குழாய் கிழியும். "சீட்டு இல்லாம எம்.ஆர்.ஐ. எடுக்க மாட்டாகம்மா" என்று செவிலி எவாஞ்சலின் மறுத்தபோது நீ சிரித்தாய்: "எங்க வீட்டுக்காரக பத்திரமா வச்சிருப்பாக, தாயி. ஊருக்கே புத்தி சொல்றவுக."

ஆலை விபத்துகளைக் கண்டித்து நடந்த ஏழாயிரம்பண்ணைக் கூட்டத்தில், "இத்தாள்களா எம் பெண்களின் குருதிக்கு விடை?" என்று முழங்கி, உன் மருத்துவத் தாள்களை எரித்தேன். ஒன்றையும் படித்துப் பார்க்கவில்லை. சீட்டும் அவற்றுள் இருந்தது.

அப்போது அறுவை செய்த மருத்துவமனை மூடிக்கிடக்கிறது; சீட்டின் நகலும் கிடைக்காது. இன்று மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். காந்தம் இல்லாத வேறு கருவியில் படம் எடுப்பார்களாம். உன் தலைக்குள் இப்போது வளர்ந்துள்ள கட்டியின் எல்லை அதில் தெளிவாகத் தெரியாதாம். தெரிந்தவரை வைத்தே அறுப்பார்களாம்.

கூட்டத்தன்று படுக்கையிலிருந்தே தொலைபேசியில் என் பேச்சைக் கேட்டாய். "கைதட்டுனது இங்கன வரைக்கும் கேட்டுச்சுங்க" என்று மகிழ்ந்தாய். அந்தக் கைதட்டல் உன் சீட்டு எரிந்தபோது எழுந்தது.

நீ படுத்திருக்கும் மருத்துவமனையின் வாயிலில் நிற்கிறேன். நீ அழைத்தால் மட்டுமே மேலே வருவேன்.

உன் கணவன்