பர்ஸோன் என்றால் எப்போது

18 ஜனவரி 1938, செவ்வாய். சிகந்திராபாத்.

வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். உடம்பெல்லாம் கரி. ஆனாலும் சின்னசாமியின் ஹோட்டல் வாசலில் கால் வைத்ததும் அலுப்பில் பாதி போய்விட்டது. இங்கே வந்து இரண்டு வருஷமாகிறது. போன வருஷம் மகள் ராஜத்தின் கல்யாணம், கும்பகோணத்தை விட்டு அசைய முடியவில்லை. அதே மாடி அறை, அதே ஜன்னல், எதிரே அதே வேப்பமரம்.

பேகம் பஜாருக்குப் பித்தளைப் பாத்திர ஆர்டர் எடுக்க வருகிறவன் ஐதராபாத்திலேயே தங்கலாம். தங்கமாட்டேன். ஏரிக்கரை தாண்டி எத்தனை தூரமானாலும் இங்கேதான். காரணம் சொன்னால் சிரிப்பார்கள். எனக்குத் தேங்காய் ஒத்துக்கொள்ளாது. இந்த ஹோட்டலில் நான் இருக்கிற நாட்களில் கூட்டில் தேங்காய் விழுவதில்லை. நான் கேட்டதில்லை, அவர்களாகவே செய்வார்கள். சேப்பங்கிழங்கு வறுவலில் ஓமம் போடுவார்கள், எங்கள் வீட்டில் போடுகிற மாதிரியே. இந்த ஊர் வழக்கம் என்று சின்னசாமி சொன்னார். நானும் கும்பகோணத்தில் போய் அப்படியே அளந்திருக்கிறேன்.

இன்று கூட்டில் தேங்காய் இருந்தது.

19 ஜனவரி.

இன்றும் தேங்காய். வறுவலில் ஓமமும் இல்லை. சின்னசாமியைக் கேட்டேன். புதுச் சமையல்காரன் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வருவதாக நான் எழுதிய கடிதம் கிடைத்ததா என்றேன். கிடைத்தது என்றார். கிடைத்துமா இப்படி? எட்டு தடவை வந்தவனுக்கு மரியாதை இவ்வளவுதானா? வயிறு சரியில்லை. மனசும்தான்.

20 ஜனவரி.

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் பேகம் பஜாருக்குப் புறப்பட்டேன். வழக்கம்போல் அப்துல் ரஹீமின் ஜட்கா. நான் வந்த அன்று குதிரைக்கு லாடம் அடிக்கப் போயிருந்தானாம், இன்றுதான் பார்க்கிறேன். கண்டதும் இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"ஆப்கே பாய் பர்ஸோன் சலே கயே, சாப். அச்சா ஆத்மி. சபர் கரோ."

என் ஹிந்துஸ்தானியில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் ஏன், இந்த மூன்றும் தெரிந்தால் நிஜாம் சீமையையே சுற்றிவரலாம் என்று கடையில் பீற்றிக்கொள்வேன். உங்கள் தம்பி முந்தாநாள் போய்விட்டார், நல்ல மனுஷர், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்கூடத் தப்பவில்லை. எந்தத் தம்பி என்று கேட்டேன். குணா பாய் என்றான். ஹோட்டல் சமையல்காரர் என்றான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை நான் வந்தபோது, நான் வருவதைப் பேகம் பஜாரில் கேள்விப்பட்டு, ஸ்டேஷனுக்குப் போய் என்னை இந்த ஹோட்டலுக்கு அழைத்துவரச் சொல்லி அவனை அனுப்பியதே குணா பாய்தானாம்.

ஏரிக்கரை நடுவில் இறங்கிவிட்டேன். அவன் பின்னாலேயே கூப்பிட்டான். திரும்பவில்லை.

குணசேகரன். என் ஒரே தம்பி. பதினோரு வருஷமாகத் தேடுகிறேன் — தேடினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். 1927-இல் லூர்துமேரி என்று ஒரு ரயில்வே வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். நான் கடையிலிருந்து வந்த நேரம். எப்போதும்போல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். தட்டிவிட்டேன். "உன் கையால ஒரு வாய்த் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்" என்றேன். தெருவே கேட்டது. அன்றே போனான்.

ஆக எட்டு தடவையும் நான் சாப்பிட்டது அவன் சமையல். சின்னசாமிக்குத் தெரியும், ஜட்காக்காரனுக்குத் தெரியும், வேப்பமரத்துக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் ஒருவன்தான் முட்டாள். 1931-இல் இதே சின்னசாமியிடம் சொல்லி அழுதேனே — ஒரு தம்பி இருந்தான், எங்கே இருக்கிறானோ என்று. நான் அழுதேன், அவர் மோர் ஊற்றினார். சுவருக்கு அந்தப் பக்கம் அவன்!

முந்தாநாள் என்றால் பதினெட்டாம் தேதி. நான் வந்து இறங்கிய நாள். நான் வருகிறேன் என்று தெரிந்துதான் ஓடியிருக்கிறான். எட்டு தடவை ஓடாதவன் இப்போது ஏன்டா ஓடினே? நானென்ன புலியா?

சபர் கரோ. பொறுக்கணுமாம். இன்னும் எத்தனை வருஷம்?

21 ஜனவரி.

சிகந்திராபாத், நாம்பள்ளி, காச்சிகூடா. மூன்று ஸ்டேஷனிலும் கேட்டாகிவிட்டது. முப்பத்தாறு வயது, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, செவ்வாய்க்கிழமை வண்டி ஏறியிருப்பான். டிக்கெட் குமாஸ்தா ஒருவர் சிரித்தே விட்டார். செவ்வாய்க்கிழமை ஆயிரம் பேர் ஏறினார்கள் என்றார்.

ஹோட்டலில் சாப்பிடவில்லை. சின்னசாமி அறை வாசலில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தார். கதவைச் சாத்தினேன். அந்த வாயிலிருந்து இனி எது வந்தால் என்ன?

22 ஜனவரி.

லாலாகூடா போனேன். லூர்துமேரியின் அப்பா சூசைராஜ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை என்று அந்தக் காலத்தில் கேள்வி. குவார்ட்டர்ஸில் நாலு வீடு கேட்டு, ஐந்தாவது வீட்டில் கதவு திறந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு நிமிஷம் பார்த்த முகம். என்னை அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாங்க என்றாள். முறை சொல்லிக் கூப்பிடவில்லை. வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். அப்பா போய்விட்டார்போல என்று நினைத்து, எப்போது என்று துக்கம் விசாரித்தேன்.

"அப்பா உள்ளதான் இருக்காரு" என்றாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. மண்டையில் ஏறவில்லை. குணசேகரன் செவ்வாய்க்கிழமை எந்த வண்டியில் போனான், அதைச் சொன்னால் போதும், நான் கோபிக்க வரவில்லை என்றேன். எந்தச் செவ்வாய் என்றாள். வியாழக்கிழமை ரஹீம் சொன்னானே, பர்ஸோன் போய்விட்டார் என்று.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஊர்ல பர்ஸோன்னா முந்தாநாள் இல்லீங்க. போன மாசமும் பர்ஸோன்தான், பத்து வருஷம் முன்னாடியும் பர்ஸோன்தான். அவர் போயி ஒன்னேகால் வருஷம் ஆச்சு. செப்டம்பர் பதினொண்ணு. டைபாய்டு."

போய்விட்டார். சலே கயே. இரண்டு நாளாக நான் ரயில் ரயிலாகத் தேடியிருக்கிறேன்.

பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை. எட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், தங்கம். தமிழில் சொன்னால் புரிகிறது, பதில் மட்டும் வேறு பாஷையில் வருகிறது. அவளுக்கென்று வழியில் வாங்கியதல்ல, எனக்கென்று வாங்கி வைத்திருந்த இரண்டு ஆரஞ்சை நீட்டினேன். நக்கோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதே புருவம், தழும்பு மட்டும் இல்லை.

லூர்துமேரி என்னை உட்காரச் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் சொன்ன சொல் அந்த வீடு வரைக்கும் வந்திருக்கிறது.

23 ஜனவரி, ஞாயிறு.

கல்லறைக்குப் போனேன். மண் மேடு தாழ்ந்து சமமாகிவிட்டது. ஒரு மரச் சிலுவை. தலைமாட்டில் நிற்பதா கால்மாட்டில் நிற்பதா தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் சின்னசாமியைக் கேட்டேன். உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்டார்.

"சத்தியம் வாங்கிட்டான். 'எங்கண்ணன் சொன்ன சொல்லைத் தாண்ட மாட்டாரு. என் கைன்னு தெரிஞ்சா இலையை விட்டு எழுந்துடுவாரு. தெரியாம சாப்பிட்டுப் போகட்டும்'னான்."

எழுந்திருப்பேனா? எழுந்துதான் இருப்பேன். அவனுக்கு என்னைத் தெரியும்.

நான் மாடிக்குப் போனதும் என் எச்சில் இலையை அவனே வந்துதான் எடுப்பானாம். வேறு யாரையும் தொடவிடமாட்டானாம். இலையில் என்ன மிச்சம் என்று பார்ப்பானாம். ஒன்றும் மிச்சமில்லாத நாளில் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருப்பானாம். இதையெல்லாம் சின்னசாமி ஆறுதலாகச் சொல்கிறார். எனக்குக் கேட்கக் கேட்கப் பற்றி எரிகிறது. என் வாக்கை எனக்கே தெரியாமல் உடைத்தார்கள். உடைத்தது நல்லதுக்கு என்றே இருக்கட்டும். அந்த நல்லதில் எனக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை, தெரிந்து சாப்பிட்டிருப்பேனே.

இல்லை. எழுந்திருப்பேன். பொய் எழுதக்கூடாது.

"உசிரோட இருந்தவரைக்கும் சத்தியம், சரி" என்றேன். "செத்தப்புறம் எதுக்குய்யா சத்தியம்? ஒரு கார்டு போட உமக்குக் கையில்லையா?"

அவர் கல்லாப் பெட்டியை இழுத்து மூடினார்.

"சொல்லிட்டா நீங்க அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

வாடிக்கை போய்விடும் என்று பயந்தாரா, சிநேகம் போய்விடும் என்று பயந்தாரா? நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும், என் தம்பியின் சாவை வைத்துக்கொண்டுதான் என்னை வாங்க வாங்க என்று வரவேற்றிருக்கிறார். அவன் மறைத்தது எனக்காக. இவர் மறைத்தது தனக்காக. அவனை மன்னித்துவிடுவேன். இவரை முடியாது.

24 ஜனவரி.

பேகம் பஜார் போகவில்லை. ஆர்டர் இல்லாமல் ஊருக்கு வண்டி ஏறினேன்.

2 பிப்ரவரி 1938. கும்பகோணம்.

பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

1936 ஜனவரி, ஹோட்டலில் கடைசியாகச் சாப்பிட்ட நாள்: 'சேப்பங்கிழங்கு பிரமாதம். சமையல்காரன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம் என்று சின்னசாமியிடம் சொன்னேன்.' சொல்லியிருக்கிறேன். அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும்.

1936 செப்டம்பர் 11, வெள்ளி: 'விசேஷம் ஒன்றுமில்லை. மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.'

மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். அந்த வரியை அடிக்கப் போனேன், அடிக்கவில்லை.

9 மார்ச்.

லாலாகூடாவுக்கு மூன்று தடவை கடிதம் எழுதிக் கிழித்தேன். என்னவென்று எழுதுவது? நாலாவதில் இரண்டே வரி. செப்டம்பர் பதினொன்றுக்கு நான் அங்கே வரலாமா என்று.

30 மார்ச்.

பதில் வந்தது. பென்சிலில் ஒரே வரி. 'பிள்ளை உங்கள் ஆரஞ்சைக் கேட்டாள்.'

11 செப்டம்பர் 1938, ஞாயிறு. லாலாகூடா.

காலை ஸ்டேஷனில் ரஹீம் காத்திருந்தான். பழைய ஹோட்டல் வாசலில் குதிரை தானாகவே நின்றது, அதற்கென்ன தெரியும். சின்னசாமி வாசலில்தான் இருந்தார். இளைத்திருந்தார். வாங்க என்று அவர் கூப்பிடவில்லை, நானும் இறங்கவில்லை. லாலாகூடா சலோ என்றேன்.

கோயிலில் பூசை, பிறகு கல்லறை. திதி எனக்கு வேறு நாளில் வருகிறது. அதை ஊரில் தனியாகச் செய்துகொள்வேன். இங்கே இவர்கள் கணக்கு.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நல்ல வெயில். லூர்துமேரி உள்ளே போனவள் வெளியே வரவில்லை. என் தொண்டை வறண்டிருந்தது. அவளாகக் கொடுக்கமாட்டாள், அதுவும் நியாயம்தான். தண்ணி கொடும்மா என்று கேட்டேன். செம்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தூக்கிக் குடித்தபோது அடியில் எங்கள் கடை முத்திரை தெரிந்தது. அன்று நான் தட்டிவிட்ட செம்பு. விளிம்பில் நசுங்கல் அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டு வைக்காமல் குடித்தேன்.

தங்கம் ஆரஞ்சை உரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்காகத் தமிழில் பேசப் பழகியிருக்கிறாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் வருகிறது.

"பெரியப்பா, நீங்க அப்பாகூட எப்ப லடாய் போட்டீங்க?"

பர்ஸோன் என்றேன்.

ஹவ் என்று தலையாட்டிவிட்டு, ஒரு சுளையை என் கையில் வைத்தாள்.