வேகத்தடையில் என் முகம்

அண்ணே,

இரண்டு மாதத்துக்கு முன் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா இரண்டு கூடை கொய்யாப்பழத்தோடு நம் வண்டியில் ஏறினார். லக்கேஜ் டிக்கெட் வாங்க மாட்டேன் என்று வழக்கமான சண்டை. சண்டையை முடித்துத் திரும்புவதற்குள் வண்டி முழுக்கக் கொய்யா மணத்துவிட்டது. யோசிக்காமல் டிரைவர் சீட்டைப் பார்த்தேன். நீங்கள் ரிட்டையர் ஆகிப் பல நாளாகிறது. செத்துப்போயே வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் கொய்யா வாசம் வந்தால் என் கண் அங்கேதான் போகிறது.

உங்களைப் போல ஒரு டிரைவரை நான் பார்த்ததே இல்லை என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். பார்த்திருக்கிறேன். உங்களைவிட நன்றாக ஓட்டியவர்கள் நம் டிப்போவிலேயே இருந்தார்கள். ரிவர்ஸ் எடுப்பதில் நீங்கள் மகா மோசம், நான் பின்னால் நின்று விசில் ஊதி ஊதி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆனால் தலைக்கு மேல் இருக்கிற உள்கண்ணாடியை உங்களைப் போலப் பார்த்தவர் யாரும் இல்லை. யார் டிக்கெட் வாங்காமல் நழுவுகிறார், எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கப் போகிறது, எல்லாம் உங்களுக்கு அதில் தெரியும். என் வயிற்றில் கோளாறு என்று முதலில் தெரிந்துகொண்டதும் நீங்கள்தான்.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் இடது அடிவயிற்றில் ஒரு வலி இருக்கிறது, பணப்பையும் சரியாக அந்த இடத்தில்தான் வந்து இடிக்கிறது என்பதுதான். பை இடித்துத்தான் வலிக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். கண்டக்டர் வேலை பார்க்கிறவனுக்கு வேறு எப்படி யோசனை போகும்? இத்தனை வருஷமாக இடது பக்கம் தொங்கிய பையை வலது பக்கம் மாற்றிக்கொண்டேன். சில்லறை எடுக்கக் கை தடுமாறியது. தினமும் வருகிற ஸ்கூல் டீச்சர் ஒருவர், "என்ன கண்டக்டர், கட்சி மாறிட்டீகளா?" என்று கேட்டார். வண்டியே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைக்குக் காரைக்குடியில் எல்லோரும் இறங்கிய பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, "இங்குட்டு வா" என்று கூப்பிட்டீர்கள்.

"பைய மாத்தி எத்தன நாளாச்சு?"

"ஒரு வாரம் இருக்கும்ணே."

"வலி மாறுச்சா?"

நான் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஸ்பீடு பிரேக்கர் ஏறுறப்பல்லாம் ஒன் மூஞ்சியப் பாக்குறேன். வண்டி குலுங்குறதுக்கு முன்னாடியே பல்லக் கடிக்கிற. பை இடிச்சா அதுக்கப்பறம்ல வலிக்கணும்? சட்டைய மாத்திட்டு வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டைவர்டிகுலைடிஸ் என்றார். பெருங்குடலின் சுவரில் சின்னச் சின்னப் பைகளாகப் புடைத்திருக்கிறது, அதில் ஒன்று வீங்கிச் சீழ் வைக்கப் பார்க்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். நான் படத்தைப் பார்க்காமல் உங்களைப் பார்த்தேன். வெளியே வந்ததும் நீங்கள் அதை நம் பாஷைக்கு மாற்றினீர்கள். "பழைய டியூப்ல அங்கங்க புடைச்சு நிக்கும்ல, அதான். காத்தக் கொறச்சு ஓட்டுனா ரொம்ப நாளு ஓடும்." நோயின் பேர் கடைசி வரைக்கும் உங்கள் வாயில் நுழையவில்லை. 'புடைப்பு' என்றே வைத்துக்கொண்டீர்கள். இப்போது என் வீட்டிலும் அதுதான் பேர்.

காற்றைக் குறைப்பது, அதாவது மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது, நம் தொழிலில் லேசில் நடக்கிற காரியமா? இறங்கிப் போக இடமும் நேரமும் இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் பழகியவன் நான். நீங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் வைத்து, டிரிப் முடிவதற்குள் அது காலியாக வேண்டும் என்று சட்டம் போட்டீர்கள். டைம் கீப்பர் கத்தினாலும் நான் கழிவறைக்குப் போய் வருகிற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டீர்கள். "எஞ்சின் சூடாகல" என்று சித்திரை வெயிலில் அவரிடம் சொன்னது நீங்கள் ஒருவர்தான்.

கொய்யாவும் அப்படித்தான் வந்தது. விதையெல்லாம் குடல் பையில் போய் மாட்டிக்கொள்ளும் என்று யாரோ பயமுறுத்தியதில் நான் எனக்கு உயிரான கொய்யாவை விட்டுவிட்டேன். நீங்கள் பேனாக்கத்தியால் பழத்தைப் பிளந்து, நடுவை வழித்து எறிந்துவிட்டு, ஓரத்துச் சதையை மட்டும் எனக்குக் கொடுப்பீர்கள். பிறகு ஒருநாள் டாக்டரம்மா, விதைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை, வயிறு நன்றாக இருக்கிற நாளில் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். அதை உங்களிடம் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. "இம்புட்டு நாளு நல்ல பாகத்தத் தூக்கிப் போட்டுட்டு ஒனக்குத் தோலக் குடுத்திருக்கேன்டா" என்றீர்கள்.

புடைப்பு அப்படியே போய்விடவில்லை. வந்து வந்து போனது. சில தடவை லேசாக இருக்கும். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டு, கஞ்சித் தண்ணீரும் மோருமாக வீட்டிலேயே படுத்து எழுந்துவிடுவேன். சில தடவை ஊசிக்குப் போக வேண்டியிருக்கும். எது எந்த ரகம் என்று தெரிவதுதான் கஷ்டம். குளிரும் காய்ச்சலும் வந்தாலோ, வலி பரவினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ரத்தம் போனாலோ யோசிக்காமல் வந்துவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது, குடலுக்கும் கெடுதல், வலியையும் மறைத்துவிடும் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் வலிக்கிறவனுக்கு எப்போதும் ஒரு சாக்கு கிடைக்கும். சாக்குக்கு இடமே கொடுக்காமல் கண்ணாடியில் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லிவிடுவீர்கள். "இது வீட்டு வலி, லீவு போடு." இல்லையென்றால், "இது ஆஸ்பத்திரி வலி, கெளம்பு." நீங்கள் சொன்னது ஒரு தடவையும் தப்பவில்லை.

பிறகு ரிட்டையர் ஆனீர்கள். ஒரு நாள் காலையில் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்று போன் வந்தது. உங்கள் வீட்டு வாசலில் நின்று நான் அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

கொய்யாக் கூடை ஏறிய அன்றைக்குக் காலையிலேயே எனக்கு லேசாக வலி இருந்தது. விடிந்தால் நெற்குப்பையில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். மாமன் சீர் எடுத்து மேடையில் நிற்காமல் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது? மத்தியானத்தோடு டூட்டி முடியும், அப்படியே கிளம்ப வேண்டியது என்று இருந்தேன். பாதி வழியில் உடம்பு குளிரெடுத்தது. வெயில் கொளுத்துகிறது, எனக்குப் பல் கிட்டுகிறது. பையில் ஒரு வலி மாத்திரை அட்டை வேறு கிடந்தது. கல்யாணத்தை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம், ரெண்டே நாள்தானே என்று கை அதைத் தேடிப் போனது.

அப்போதுதான் ஸ்பீடு பிரேக்கர் வந்தது. வலி இடது பக்கத்தில் நிற்காமல் வயிறு முழுக்க ஓடியது. நிமிர்ந்து உள்கண்ணாடியைப் பார்த்தேன். புது டிரைவர் நல்ல மனுஷன், ரோட்டைத்தான் பார்த்தார். கண்ணாடியில் என் முகம் மட்டும் இருந்தது. அண்ணே, அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

உங்களுக்கு வந்தது சொல்லாமல் வந்தது. போகலாமா வேண்டாமா என்று யோசிக்க உங்களுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு வருவது ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறது. நான்தான் உள்ளே இருந்துகொண்டு இல்லை என்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் வந்த கோபம் அப்போது மறுபடி வந்தது. இந்தத் தடவை அது யார்மேல் என்று தெரிந்தது.

காரைக்குடி வந்ததும் பையையும் டிக்கெட் மெஷினையும் டைம் கீப்பரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியில் வீட்டுக்குப் போன் போட்டேன். சீர்த் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, "எங்குட்டு இருக்கீக? நேரமாகுதுல்ல" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, நான் வாரேன். கல்யாணத்த நெனச்சு எந்திரிச்சு வந்துறாதீக" என்றாள்.

குடலுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சீழ் கட்டியிருந்தது. இந்த அளவில் வந்ததால் டிரிப்ஸ் மருந்திலேயே கரைத்துவிடலாம், ரெண்டு நாள் விட்டிருந்தால் அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. மறுநாள் என் மகன் சீர் எடுத்துப்போய் மேடையில் நின்றான். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு நாதஸ்வரத்தைப் போனில் கேட்டேன். என்ன சொன்னாலும், மனது வலிக்கத்தான் செய்தது.

சாயங்காலம் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாக வார்டுக்குள் வந்துவிட்டார்கள். நோயாளிகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் பெரியவர் பந்தியில் என்ன போட்டார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பொண்ணும் மாப்பிள்ளையும் என் காலைத் தொட்டபோது டிரிப்ஸ் ஊசி இருந்த கையாலேயே திருநீறு பூசினேன். கூட வந்திருந்த தங்கையிடம், "மேடையில நிக்க முடியாமப் போச்சேம்மா" என்றேன்.

"நின்னுட்டு நாளைக்கு எங்களத் தவிக்க விட்டிருந்தா? மாமன் இல்லாத கல்யாணம்னு ஒருநாள் பேச்சோட போயிரும்ணே. மாமன் இருக்கீக. அது போதும்."

வீட்டுக்கு வருமுன் டாக்டரம்மா உட்கார வைத்துப் பேசினார். இது மறுபடி மறுபடி வருகிறது. வயிறு ஆறிய பிறகு குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, கெட்டுப்போன துண்டை எடுத்துவிடலாம். எடுக்காமலும் இருக்கலாம் என்றார். "எத்தன தடவ வந்துச்சுங்கிறத மட்டும் வச்சு இத முடிவு பண்றதில்ல. இது உங்க பொழப்ப எவ்வளவு கெடுக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். யோசிச்சுச் சொல்லுங்க." இத்தனை வருஷமும் அந்த யோசனையை நான் உங்களிடம் விட்டிருந்தேன். இப்போது நானே யோசித்தேன். ஒவ்வொரு விசேஷத்துக்கும், ஒவ்வொரு டூட்டிக்கும் வயிற்றைக் கேட்டுக்கொண்டு கிளம்புகிற பிழைப்பு போதும் என்று தோன்றியது. கேமரா பரிசோதனையும் ஆயிற்று. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அந்தப் பரிசோதனைக்கு என்னை எந்த வழியாகத் தயார் செய்தார்கள் என்பதை நீங்கள் கேட்டிருந்தால் டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

நாளைக் காலையில் ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகிறேன். பயம் இருக்கிறது, இல்லாமல் எப்படி? ஆனால் கொஞ்ச நாளில் எழுந்து, மழைக்காலம் வருவதற்குள் வண்டிக்குத் திரும்பிவிடுவேன் என்ற நம்பிக்கை அதைவிடப் பெரிதாக இருக்கிறது. இன்று காலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். எங்கேயும் வலி இல்லை.

இதுவரைக்கும் நீங்கள் என்னை வலியோடு கூட்டிக்கொண்டு போனீர்கள். நாளைக்கு நான் வலி இல்லாத ஒரு நாளில், நானாகவே நடந்து போகிறேன். அதைப் பார்க்கத்தான் நீங்கள் இல்லை, அண்ணே.