இன்னொருத்தியின் உயரம்

ஜனவரி 16

இன்று அளவு பார்க்கும் நாள். எடை ஏறவில்லை, உயரம்தான் ஏறியிருக்கிறது. நெல்லி ரஷீதவ்னா என்னைச் சுவரோடு நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். எங்கள் பயிற்சியாளர் கத்தினால் பயமில்லை. பேசாமல் போனால்தான் பயம்.

ரோத்யா சிரித்தான். "இப்படியே போனா அடுத்த வருஷம் நீதான் என்னைத் தூக்கணும், வார்யா."

"தூக்கி எறிஞ்சே காட்டறேன், பாத்துக்கோ."

அடுத்த வருடம் உலக ஜூனியர் போட்டி. ஒன்பது வயதிலிருந்து அவனோடு பனியில் ஜோடியாகச் சறுக்குகிறேன், அதற்காகத்தான். ஜோடி கிடைக்காமல் காத்திருக்கும் பெண்களை வரிசையில் நிறுத்தினால் இங்கிருந்து காமா நதி வரை நிற்கும். பையன்களுக்குத்தான் பஞ்சம். ரோத்யா தும்மினால்கூட அம்மா தேன் கொடுத்தனுப்புவாள்.

ஜனவரி 29

என்னமோ சரியில்லை.

தாவலுக்கு முன்னால் ரோத்யா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுவான். என் கை அங்கே இருக்கும். ஆறு வருடமாக அப்படித்தான். இன்று அவன் கை கீழே போய்க் காற்றைப் பிடித்தது. மறுபடி செய்தோம், மறுபடியும் கீழே. பிறகு காற்றில் சுழன்று இறங்க என்னை எறிந்தபோது விசை போதவில்லை. பாதிச் சுழற்சியிலேயே பனி வந்துவிட்டது. தொடை முழுக்க நீலம்.

"தூக்கமா உனக்கு?" என்று கேட்டேன்.

"நீ வளர்ந்துட்டே. கணக்கு தப்புது," என்றான்.

வளர்ந்தவளுக்குக் கை மேலேதானே இருக்க வேண்டும்? அவன் ஏன் கீழே தேடினான்?

பிப்ரவரி 4

அம்மாவின் தையல் மிஷினில் ஒரு சின்ன உடை. என் போட்டி உடைக்கு வாங்கிய அதே கருநீல வெல்வெட். பாதி அரங்கத்துக்கு அம்மாதான் தைக்கிறாள், அதனால் அதிசயமில்லை. இருந்தாலும் அது என் துணி.

"யாருக்கு?"

"யாரோ தனியா ஆடற குட்டிக்கு. மிச்சத் துணி வீணாப் போக வேண்டாமேன்னு."

பிறகு, நான் கேட்காமலே, எனக்கு எண்ணெயில் பொரித்த ரொட்டி இரண்டு வைத்தாள். இறைச்சி வைத்தது, கடித்தால் சாறு தெறிக்கும். போட்டி நெருங்கும்போது அதன் வாசனைக்கே எனக்குத் தடை. இன்று மட்டும் ஏன் என்று யோசிக்காமல் தின்றுவிட்டேன்.

பிப்ரவரி 19

மூன்றாம் இடம்! நாட்டின் ஜூனியர் போட்டியில்! எறிதலில் இறங்கியபோது முழங்கால் அலறியது, ஆனால் நின்றேன். ரோத்யா என்னைத் தூக்கித் தூக்கிச் சுற்றினான். நெல்லி ரஷீதவ்னா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. "நீ நல்ல பொண்ணுடி வார்யா, ரொம்ப நல்ல பொண்ணு," என்று நெற்றியில் முத்தம் வைத்தார்.

பிப்ரவரி 26

ஒரு வாரம் ஓய்வெடு என்றார்கள். நான் கையுறையை மறந்துவிட்டேன் என்று அரங்கத்துக்குப் போனேன்.

எங்கள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பனியில் ரோத்யா. கூடவே மிலானா, இங்கே தனியாக ஆடுகிற குட்டி, பதின்மூன்று வயது, அவன் மார்பளவுகூட இல்லை. கருநீல வெல்வெட். அவன் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினான் — கீழே — அவள் கை அங்கே இருந்தது.

எறிந்தான். இறகு மாதிரிப் போனாள்.

நெல்லி ரஷீதவ்னா என்னைப் பார்த்துவிட்டு, "கதவைச் சாத்து, குளிர் உள்ளே வருது," என்றார். பனி அரங்கத்தில்! ரோத்யா தலையைக் குனிந்துகொண்டு ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். ஒரே ஒரு வார்த்தை. "வார்யா"ன்னு கூப்பிட்டிருந்தாக்கூடப் போதும்டா.

பனி வழிக்கிற வண்டிக்காரர் வெளியே சொன்னார்: "புது வருஷத்துலேருந்து நடக்குதும்மா. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்." எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

இரவு

அம்மாவுக்கும் தெரியும்.

"போட்டி முடியறவரைக்கும் சொல்லாதேன்னு உங்க கோச்சம்மா கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. சொல்லியிருந்தா நீ ஒடஞ்சு போயிருப்பே. பதக்கம் கிடைச்சிருக்குமா?"

"அதனால என் துணியை வெட்டி அவளுக்குத் தைச்சே?"

"மாட்டேன்னு சொன்னா அன்னிக்கே உன்னை வெளியே அனுப்பியிருப்பாங்கடி."

இருக்கலாம். இருக்கட்டும். ரோத்யா போட்டிக்காக என்னை வைத்துக்கொண்டான், அது புரிகிறது. ஆனா நீ என் அம்மா! நீயும் ஏம்மா என்னை ஏமாத்தினே?

மார்ச் 1

அம்மாவிடம் பேசவில்லை. அவள் வைத்த சோற்றையும் தொடவில்லை.

மார்ச் 8

பெண்கள் தினம். ரோத்யா வாசலில் வந்து நின்றான், கையில் இரண்டு டியூலிப். ஐந்தாக வாங்கியிருப்பான், மூன்றை எங்கே கொடுத்தான் என்று கேட்க வேண்டியதில்லை. இரட்டைப்படையில் பூ கல்லறைக்குத்தான் கொண்டுபோவார்கள். அவசரத்தில் அந்த மடையனுக்கு அதுகூடத் தோன்றவில்லை.

"சரியாத்தான் எண்ணியிருக்கே," என்று பூவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். பிறகு சமையலறையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். அம்மா ஒரு பூவை எடுத்து வெளியே எறிந்துவிட்டு மற்றொன்றைத் தண்ணீரில் வைத்தாள்.

ஏப்ரல் 4

போன வாரம் கசான் நகரத்து அரங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. தீமூர் என்று ஒரு பையன், நல்ல உயரம், ஜோடி தேவையாம். கிளம்பும் முன் பெட்டிமேல் உட்கார வேண்டும், அது வழக்கம், யாரும் பேசக் கூடாது. அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பேசாமலிருப்பது எங்களுக்குக் கஷ்டமாக இல்லை. எழுந்தபோது என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை.

ஏப்ரல் 5

தீமூர் நல்லவன். சிரித்தால் ஒரு பல் கோணல். அரங்கம் காலி, வேலிமேல் ஒரு ரோஸ் நிற ஸ்வெட்டர் கிடந்தது.

"இது யாருது?"

"ஸ்லாத்தாவோடது. என்னோட... இப்ப ஆடறாளே, அவ." காது சிவந்தது. "இன்னிக்கு அவளுக்கு லீவுன்னு சொல்லியிருக்கோம். போட்டி முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு கோச் சொன்னாரு. நீயும் வெளியே சொல்லாதே, என்ன?"

ஷூவைக் கழற்றிவிட்டு ரயிலேற வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். வரிசை காமா நதி வரை நிற்பதையும் நினைத்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. இருவரும் வேகமெடுத்தோம். தீமூர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினான். கீழே போய்க் காற்றைப் பிடித்தது.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றேன்.