நீ செய்த இரண்டாவது ஸ்லைடர்

உன் உம்மா இன்று காலையில் ஒரு நீள மூட்டையைக் கொண்டுவந்து என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார். பழைய கைலியில் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. பிரிப்பதற்கு முன்பே தேங்காய் எண்ணெய் வாசம். எனக்கு உடனே சந்தேகம். நம் சாமான் எதிலும் இனி எண்ணெய் போடுவதில்லை என்று நீயும் நானும் சத்தியம் செய்திருந்தோமே, இது எப்படி உன் கைவேலையாக இருக்க முடியும்?

"துருப் புடிச்சிரக் கூடாதுல்லா, நாந்தான் தடவி வச்சேன்," என்றார் உம்மா. "பரண்ல கெடந்துச்சு மக்ளே. என்ன சாமான்னு எங்களுக்கு வெளங்கல. ஒங்க கேமரா வேலைக்குள்ளதுன்னா நீயே வச்சுக்க."

அலுமினியம் துருப்பிடிக்காது என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் நீ செய்த இரண்டாவது ஸ்லைடர், கேமராவை வழுக்கிக்கொண்டு போகவைக்கிற சட்டம். அதைப் பற்றி நான் உன்னிடம் கேட்காமலே போன கேள்வி ஒன்று உண்டு. என்னைக் கழற்றிவிட்டுத் தனியாகத் தொழில் பண்ணப் பார்த்தாயா?

முதல் ஸ்லைடரைச் சேர்ந்துதான் செய்தோம். தென்காசியில் உங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் கேமராக்காரர்களை விடமாட்டார்கள். அதனால்தானே நம் இருவர் பிழைப்பும் ஓடியது. ஒரு மணப்பெண், செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் எடுத்த வீடியோ ஒன்றைப் போனில் காட்டி, "அக்கா, இதுல கேமரா அப்படியே மிதந்து போவுதுல்லா, அது மாதிரி வேணும்," என்றாள். கடையில் ஸ்லைடர் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம். அன்று சாயங்காலம் முழுக்க நீ உன் வீட்டு ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாய்.

"ஏட்டி, கண்ணாடி ஓடுத சட்டத்துல கேமரா ஓடாதா?"

இலஞ்சி ரோட்டில் அலுமினியக் கதவு செய்கிற அண்ணாச்சி, வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். சும்மா கொடுத்தால் எனக்குச் சந்தேகம் வராதா? தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். "தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குதா பாருங்க அண்ணாச்சி," என்று அவரிடமே என்னைக் கேலி செய்தாய். ஆனால் சட்டம் வளைந்துதான் இருந்தது. வேறு துண்டு மாற்றி வாங்கினோம். வரும் வழியில், "ஒஞ் சந்தேகம் நல்லா இருக்கட்டும்ட்டீ. அது இல்லன்னா நம்மள ஊரே ஏமாத்திரும்," என்றாய். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பழைய இரும்புக் கடையில் வாங்கிய உடைந்த ஸ்கேட்டிங் ஷூவில் கழற்றிய சக்கரப் பேரிங்குகளை ஒரு பலகைக்கு அடியில் பொருத்தினோம். பலகை ஓடியது, ஆனால் கிறீச்சிட்டது. குற்றாலத்துப் பக்கம் முட்டு வலித்தாலும் எண்ணெய், கதவு கத்தினாலும் எண்ணெய். நாமும் தாராளமாக ஊற்றினோம். தை மாதம், இலஞ்சியில் விடியற்கால முகூர்த்தம். மலைக்காற்றில் தேங்காய் எண்ணெய் நெய்யாக உறைந்து, பலகை நகரவே மாட்டேன் என்றது. பேரிங் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று நான் கத்திக்கொண்டிருக்க, நீ சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாய். அடுப்புக்கு மேலே நீ அதைக் காட்டியதும் சமையல்காரர் பதறிப்போனார்.

"ஏம்மா, யாருக்குச் சூடு போடப் போற?"

"எங்கூட வந்திருக்காள்லா, அவளுக்குத்தான். எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுதா!"

தாலி கட்டும்போது கேமரா மிதந்தது. சத்தியம் செய்தது அன்றைக்குத்தான்.

அந்த ஸ்லைடருக்கு இரண்டு பேர் வேண்டும். கேமரா ஓரத்துக்குப் போனால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். நீ அமுக்கிப் பிடிப்பாய், நான் தள்ளுவேன். நான் பீச்சாங்கைக்காரி என்பதால் என் இடது கை இடிக்காமல் எனக்கு வலப்பக்கத்தில் உட்காருவாய்.

பிறகு நீ வேலைக்கு வராமல் நழுவத் தொடங்கினாய். செங்கோட்டையில் ரயிலேறிக் கேரளாவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாய். கேட்டால், "சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்ட்டீ." அப்படி எத்தனை விசேஷம் வரும்? ஒருநாள் அலுமினியக் கடை அண்ணாச்சி சொன்னார்: "ஒங் கூட்டாளி இன்னொரு சட்டம் வாங்கிட்டுப் போனா. ஒரு ஆளே நின்னு எடுக்குத மாதிரி பண்ணணும்னு சொன்னா." உன்னிடம் கேட்டபோது, "அது ஜன்னலுக்கு," என்றாய். உன் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ஜன்னலாக இழுத்துப் பார்த்தேன். எதுவும் புதிதில்லை. நீ மெலிந்ததைக்கூட, மனசாட்சி உறுத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கேரளாவில் நீ போனது நான் நினைத்த மாதிரி ஸ்டுடியோவுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு என்பதை உன் மௌத்து வீட்டில், உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். என்னிடம் ஏன் மறைத்தாய் பாவி? அழுதேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. சரி, ரயிலுக்குக் காரணம் ஆஸ்பத்திரி. அந்தச் சட்டத்துக்கு என்ன காரணம்?

உம்மா போன பிறகு மூட்டையைப் பிரித்தேன். எண்ணெயை ஒட்டத் துடைத்தேன். இரு ஓரத்திலும் அகலமான கால் வைத்திருக்கிறாய், யாரும் அமுக்கிப் பிடிக்க வேண்டாம். பலகையில் கட்டிய கயிறு ஒரு சிறு கப்பி வழியாகத் தொங்குகிறது. அதன் நுனியில் தண்ணீர் பாட்டில். பாட்டில் இறங்க இறங்க, யாரும் தள்ளாமலே கேமரா நகரும். வேகத்தை அடக்க ஒரு திருகு. கெட்டிக்காரிதான். ஒரே ஆள் போதும், அந்த ஆள் நானில்லை என்று ஆத்திரத்தோடு வலது கையால் திருகைப் பிடிக்கப் போனேன். கை சுற்றி வளைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது, கயிறு வேறு தட்டியது. இடது கையை வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.

நீ இடது கையால் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டாய்.

கொஞ்ச நேரம் உன்னைத் திட்டினேன், கொஞ்ச நேரம் அழுதேன். ஆனால் என் புத்தி எங்கே போகும்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தை ஓரம் ஓரமாகப் பார்த்தேன். வலப்பக்கத்தில், இந்தத் திருகு நிற்கிற துளையின் அளவிலேயே இன்னொரு துளை இருக்கிறது. குழாய் ஒழுக்கை அடைக்கிற பசையை வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறாய். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆக, முதலில் உன் கைக்குத்தான் துளை போட்டிருக்கிறாய். என் சந்தேகம் பொய்யில்லை. பிறகு அதை அடைத்துவிட்டு என் கைக்கு மாற்றியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் ஒரு கல்யாணம். இதை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போகப் போகிறேன். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி இப்போதே ஓட்டிப் பார்க்கிறேன். சத்தமில்லாமல் போகிறது. இடது கை திருகில் இருக்கிறது. வலது கைப் பெருவிரல் சும்மா இல்லாமல் அந்த அடைத்த துளையைத் தேடித் தேடித் தடவுகிறது. இதை அடைச்ச அன்னைக்கே, நீ போயிருவன்னு ஒனக்குத் தெரியுமாட்டீ?