ஒரே குரல் இரண்டு பக்கம்

நேற்று மத்தியானம் பனி இறங்கியது. சாப்பிட்டுவிட்டுத் தேயிலைக் காட்டுக்குத் திரும்பிய நேரம். வெட்டிய கொழுந்தின் பச்சை வாசனையும் ஈரமண் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும்போதே தெரிந்துவிட்டது, இன்னும் கொஞ்சத்தில் பக்கத்து நிரை கண்ணுக்குத் தெரியாது என்று. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, "வர்றாரு லா மாப்பிள்ளை" என்று முதலில் அறிவிப்பவள் நீதான்.

நான் இன்னும் மண்டோர்தான். சிரிக்காதே. கொழுந்தை மற்றவர்கள் வெட்ட, நான் பின்னால் நின்று அதட்டுகிறேன். கத்தரியும் போய்விட்டது, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் போகிற மெஷின் வந்துவிட்டது. என்னிடம் வேலை செய்கிறவர்கள் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். பனி மூடியதும் மெஷினை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு போனை எடுத்து வெளிச்சம் அடித்தார்கள், ஒருவர் போனில் பாட்டும் ஓடியது. பனிக்குள் வெளிச்சம் அடித்தால் பனிதான் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்தது. பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் வாயருகே குவித்தேன். குவித்த கை அப்படியே நின்றுவிட்டது. நீ கண்ணை மூடிய பிறகு காட்டுக்குள் நான் பார்க்கிற முதல் கெட்டிப் பனி அது.

அந்தக் கூப்பாடு இப்போது யாருக்கும் தெரியாது. நம் காலத்தில் கத்தரியும் கூடையுமாக ஆளுக்கொரு நிரையில் தனித்தனியாகப் போவோம். பனி மூடினால் ஆளுக்கொரு கூப்பாடு. முனியம்மா அக்காவுடையது நீளமாக இழுத்து, கடைசியில் இருமலில் போய் முடியும். உன் அப்பாவுடையது கீழே ஆரம்பித்து மேலே ஏறும், லோரி கியர் மாற்றுவது போல. என்னுடையது குட்டையான 'ஓய்', பாதியில் உடைந்துவிடும். முட்டையிடப் போகிற கோழி என்று நீ சொல்வாய். யார் எங்கே நிற்கிறார்கள், யார் பள்ளத்துப் பக்கம் வழி தப்பிப் போகிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் தெரிந்துவிடும்.

உனக்கு மட்டும் சொந்தமாகக் கூப்பாடு கிடையாது. நீ அடுத்தவர் கூப்பாட்டைத்தான் கூவுவாய். மேல் நிரையிலிருந்து முனியம்மா அக்கா கூப்பிடுவார். அடுத்த மூச்சில் கீழ் நிரையிலிருந்தும் முனியம்மா அக்கா கூப்பிடுவார், இருமலோடு. பழைய மண்டோர் ஒருமுறை உன்னை நம்பி வாய்க்காலில் இறங்கி முழங்கால்வரை நனைந்து வந்தார். "யாருடி அது?" என்று அவர் கத்த, "யாருடி அது?" என்று அவர் குரலிலேயே பதில் வந்தது. நாங்கள் கொழுந்துக் கூடைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தோம்.

நீ செய்யாதது என்ன? தீபாவளிக்கு லயத்து வீட்டு வாசல் அத்தனைக்கும் கோலம் உன்னுடையது. பிரிஞ்சாங் சந்தையில் ஒரு பழக்கடைக்கு நீ வரைந்த ஸ்ட்ராபெரியைப் பார்த்து, கடையில் இருக்கும் பழம் சின்னதாக இருக்கிறது என்று டூரிஸ்ட்டுகள் சண்டை பிடித்தார்கள். கல்யாண வீட்டில் பாட்டு, பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மைக், மேடைக்கு ஆட்டம், ஆட்டத்துக்கு வேண்டிய பாவாடையை ஜன்னல் திரையில் நீயே தைத்தது. உன் அம்மாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. அப்பா இறந்த பிறகு ஒற்றை ஆளாக உன்னை வளர்த்தவர். பயம்தான் அவருக்கு. அதைக் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது. "பத்து வேல தெரிஞ்சவ கையில ஒரு வேலையும் நிக்காது" என்பார்.

ஒரு வருஷம் கோயில் திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்து ஒரு கலைக்குழுத் தலைவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். பிடித்துப்போனால் குழுவில் சேர்த்துக்கொள்வார் என்று பேச்சு. உன் அம்மா அப்போதுதான் தீர்த்துச் சொன்னார்: "அவரு கூட்டிக்கிட்டுப் போனா போ. இல்லன்னா திங்கக்கெழம ஸ்டோர்ல தேயிலத் தூள் பொட்டலம் கட்டுற வேலைக்கு வந்துரு. ஆபீஸ் கிராணிக்கிட்ட சொல்லி வச்சிட்டேன். அதுக்கப்புறம் ஆட்டம் பாட்டுன்னு வாயத் தொறக்கக் கூடாது."

நீ அடுத்த நாளே வேலையில் இறங்கினாய். தானா ராத்தா ரொட்டிக்கடையில் மாவுச் சாக்குகளை வாங்கி வந்து பிரித்து, தைத்து, மேடை அகலத்துக்கு ஓர் அரண்மனையை வரைந்தாய். அரண்மனைக்கு முன்னால் ஓர் ஏரி. ரிங்லெட் அணைக்கட்டை அப்படியே போட்டிருக்கிறாயே என்று நான் கேலி செய்தேன். "ராஜாவுக்கும் கரண்டு வேணும் லா, சரசு" என்றாய். அந்தத் திரைக்கு முன்னால் ஒரு பாட்டு, ஓர் ஆட்டம். பாட்டைத் தவிர உன் கையிலிருந்த அத்தனையும் கண்ணால் பார்க்க வேண்டியது.

இந்த மலையில் பிறந்தவர்கள் யாரும் சாயங்காலத்தை நம்பி ஒன்றைக் காட்ட மாட்டார்கள். அதனால்தான் நம் திருவிழாவில் மேடை நிகழ்ச்சியை வெயில் இருக்கும்போதே முடித்துவிடுவது வழக்கம். அன்றைக்கு விருந்தினருக்காகக் காத்திருந்தார்கள். அவர் தாப்பாவிலிருந்து வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அந்தியாகிவிட்டது. யாரோ கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் வெளிறிப்போய் உட்கார்ந்தார். பின்னாலேயே பனியும் வந்து உட்கார்ந்தது.

நீ மேடை ஏறியபோது அரண்மனை இல்லை. ஏரி இல்லை. திரைக்கு ஓரமாக நின்ற எனக்கே நீ ஒரு மங்கலான நிழலாகத்தான் தெரிந்தாய். சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. "ஒண்ணுமே தெரியல லா!" என்று ஒருவன் கத்தினான். நாற்காலிகள் நகர்ந்தன. பாட்டை நிறுத்திவிட்டாய். உன் அம்மா எழுந்து போகிறாரா என்று பார்க்க முயன்றேன், முன்வரிசையே தெரியவில்லை. திங்கட்கிழமை நீ ஸ்டோருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மைக்கில் முனியம்மா அக்காவின் கூப்பாடு கேட்டது. இருமலோடு.

பனிக்குள்ளிருந்து நிஜமான முனியம்மா அக்கா, யோசிக்காமல், "இங்கதான்டி இருக்கேன்!" என்றார். மைதானம் வெடித்துச் சிரித்தது. நீ விடவில்லை. நிரை நிரையாக ஒவ்வொருவர் கூப்பாட்டையும் கூவினாய். ஒவ்வொருவரும் இருக்கிற இடத்திலிருந்து பதில் கூவினார்கள். மண்டோரைக் கூப்பிட்டாய், "இந்தத் தடவ வாய்க்கால்ல எறங்க மாட்டேன்!" என்று அவர் பதில் சொன்னார். துரை ஜீப்பை நிறுத்தித் தமிழில் திட்ட முயல்வதையும், தகரக் கூரையில் மழை விழுவதையும் செய்தாய். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் எங்கள் மலை முழுதும் இருந்தது.

பிறகு கீழே ஆரம்பித்து மேலே ஏறுகிற ஒரு கூப்பாடு. கியர் மாற்றுகிற லோரி.

யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பா போய் அப்போது மூன்று வருஷம். நீ ஏன் அதைச் செய்தாய் என்று உனக்கே தெரியாது என்று பின்னால் சொன்னாய். வாய் தானாகப் போய்விட்டதாம். அந்த அமைதியில் உன் அம்மாவின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை. வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்குச் சொல்வது போல, "இங்க இருக்கேங்க" என்றார்.

திங்கட்கிழமை நீ ஸ்டோருக்குப் போகவில்லை. உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈப்போ பஸ்வரை வந்தவர் உன் அம்மாதான். தானா ராத்தா பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, "ஸ்வெட்டர் எடுத்தியா?" என்று மூன்று தடவை கேட்டார். ஈப்போ வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு? கேட்டதற்கு உனக்கும் எனக்கும் முறைப்பு விழுந்தது.

ஆனால் அந்தக் கலைக்குழுத் தலைவர் உன்னைச் சேர்த்துக்கொண்டபோதே ஒரு முள்ளையும் வைத்து அனுப்பிவிட்டார். மேடைக்குப் பின்னால் நான் பக்கத்தில்தான் நின்றேன். "எல்லார் குரலும் வருதும்மா. உன் குரல் எது?" என்றார். நீ குனிந்து சலங்கையை அவிழ்க்கத் தொடங்கினாய். ஈப்போவிலும் பிறகு கோலாலம்பூரிலும் போகிற இடமெல்லாம் அதையே கேட்டார்கள். நீ பாடகியா, நடிகையா, ஓவியரா? ஒன்றைச் சொல். ஒன்றைச் சொன்னால்தான் பேருக்குப் பின்னால் போட முடியும். குழுவில் நீதான் திரை வரைந்தாய், நீதான் நடித்தாய், பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டினால் நீதான் பாடினாய். நோட்டீஸில் மட்டும் உன் பெயர் 'மற்றும் பலர்' என்பதற்குள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை போனுக்கு அழைத்தாய். நான் ஓடி வந்து எடுத்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய். உன்னை அழுகுரலில் நான் கேட்டதே கிடையாது. அதுகூட யாருடையதோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன், மன்னித்துக்கொள். "சரசு, எனக்குன்னு ஒண்ணுமே இல்லையாடி? எல்லாம் அடுத்தவங்கள்ட்ட எடுத்ததுதானா? மலைக்கே வந்துரட்டுமா?" என்றாய்.

எனக்குக் கலை தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "பனியில உன்ன எப்படிக் கண்டுபிடிப்போம்னு நெனக்கிற? ஒரே கூப்பாடு ரெண்டு பக்கத்துல இருந்து வந்தா, ஒண்ணு நீ. ஒரு நாள்கூட நாங்க உன்னத் தொலச்சது இல்ல லா. இதுக்கு மேல என்னாடி சொந்தக் குரலு?"

நீ மூக்கை உறிஞ்சினாய். கடைக்காரர் என்னை முறைத்தார். பிறகு போனில் என் 'ஓய்' கேட்டது, பாதியில் உடைந்து. வைத்துவிட்டாய்.

மலைக்கு வரவில்லை. ஒற்றை ஆளாக மேடை ஏறத் தொடங்கினாய். உன் அம்மாவையும் என்னையும் கூட்டிப்போய் உட்கார வைத்தாயே, அந்த முதல் தனி நிகழ்ச்சி: வெறும் வெள்ளைத் திரை. நீ பேசப் பேச, பாடப் பாட, அதில் மலை வரைந்துகொண்டே போனாய். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கூப்பிட்டாய். காட்டுக்குள் காலையே வைக்காத கோலாலம்பூர்க்காரர்கள் பதில் கூவினார்கள். வெளியே நோட்டீஸில் உன் பெயர் மட்டும் இருந்தது. பின்னால் ஒன்றும் போடவில்லை. உன் அம்மா அதைத் தடவிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்த பேரும் புகழும் ஊருக்கே தெரியும். எனக்கு அந்த ஆரம்பம்தான் வேண்டியிருக்கிறது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது தொண்டையில் குழாய். குரல் இல்லை. நான் என்ன பேசுவது என்று திணறினேன். நீ இரண்டு விரலைப் போர்வைமேல் நிறுத்தி நடக்க விட்டாய். அவசரமாக, கொஞ்சம் சாய்ந்து. அப்போதுதான் வெளியே போன தாதியின் நடை. அடுத்து வேறு நடை, நாலடிக்கு ஒருமுறை நின்று பார்க்கிற நடை. மண்டோர் ஆனதிலிருந்து நான் அப்படித்தான் நடக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோபமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சரி, நேற்றைக்கு வருகிறேன். குவித்த கையோடு நின்றேன் என்றேனே. கடைசியில் கூவிவிட்டேன். 'ஓய்', பாதியில் உடைந்து. போன் பாட்டு நின்றது. எல்லோரும் நான் நிற்கும் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். உனக்காகத்தான் காத்திருந்தேன் என்று காத்திருந்த பிறகுதான் புரிந்தது. பனிக்குள் ஒன்றும் இல்லை. கையை இறக்கினேன்.

பிறகு என்ன தோன்றியதோ, சத்தம் போடாமல் நிரையின் மறுகோடிக்கு நடந்தேன். அங்கே நின்று, பள்ளத்துப் பக்கம் பார்த்து, இன்னொரு முறை கூவினேன். அதே 'ஓய்'. கோழி முட்டையிடும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே உடைத்தேன், நீ செய்கிற மாதிரி.

ரஹீம் என்று ஒருவர், தாடி நரைத்தவர், எங்கள் ஆட்களிலேயே மூத்தவர். நம்மிடம் பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார். பனிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "அக்கா! ரெண்டு ஆளு கூப்புடுது. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு யாரு?"

"என் கூட்டாளி லா" என்றேன்.