நான் பிடுங்காத ஒயர்

மணியம் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை வைத்துவிட்டு இப்போதுதான் போனான். அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் மறைந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து, உங்கள் பழைய மோடத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேலாகியும் கருகிய பிளாஸ்டிக் வாடை போகவில்லை. என் கோபமும் போகவில்லை, டிரஸர். உங்கள் கருமாதிச் சாப்பாட்டில் உட்கார்ந்தபோதும் அது பக்கத்தில்தான் இருந்தது. இறந்தவரிடம் கோபித்துக்கொள்வது சரியா என்று மூன்று முறை இந்தத் தாளை மடித்து வைத்தேன். நான்காம் முறை எழுதுகிறேன்.

லாபு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கணக்கு எழுதும் கிராணி, மருந்தகத்தில் நீங்கள் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸர். ஓய்வுக்குப் பிறகும் அடுத்தடுத்த வீடு. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்ததும் சனங்கள் செனாவாங், சி ரூசா என்று ஊர் ஊராகச் சிதறிய சமயத்தில், நீங்கள் இருபது வீடுகளில் பழைய புகைப்படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டுக் கணினியையே வலைத்தளமாக ஓடவிட்டீர்கள். தெரிந்தவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே உங்கள் ஹாலுக்குள் வந்து பார்ப்பது மாதிரி. டிஸ்கெட்டில் ஒரு நகல் வைக்கலாமே என்றேன்.

"என் வீட்டுலதான இருக்கு, எங்க ஓடிப்போயிரும்?" என்றீர்கள். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இணையத்தில் நுழையும் ஒவ்வொரு தடவையும் உங்கள் கணினியின் முகவரி எண் மாறும். அதைச் சொல்ல உங்கள் டெலிபோன் உதவாது, அதில்தான் மோடம் பேசிக்கொண்டிருக்கும். அதனால் ஞாயிறுதோறும் எண்ணைத் தாளில் எழுதி வேலிக்கு மேல் நீட்டுவீர்கள். நான் என் டெலிபோனில் ஆறு வீடுகளுக்கு வாசிப்பேன்.

"கிராணி ஐயா, இத லாட்டரியில வெச்சா அடிக்குமாலா?" என்று மணியம் வாராவாரம் கேட்பான்.

பிறகு உங்கள் வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்காருவேன். மின்னல் டெலிபோன் கம்பியில் இறங்கிவிடும் என்பதால், இடி கேட்டதும் மோடத்தின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்குவது எனக்கு நீங்கள் கொடுத்த வேலை. "ஸ்கிரீனப் பாத்தா எனக்கு இடி கேக்காது. மொத இடிக்கே ஒயரப் புடுங்கிருங்க, என்னைக் கேக்க வேணாம்." பதினான்கு தடவை பிடுங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றும் நேரத்தோடு என் நோட்டில் இருக்கிறது.

மணியத்தின் அம்மா அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்தவள். அவனிடம் அவள் படம் ஒன்றுகூட இல்லை. யாரோ ஒருவரின் கல்யாணப் படத்தில், நடு வரிசையில் அவள் நிற்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அந்த ஞாயிறு அவன் தன் வீட்டுக் கணினியில் அதைத் திறந்தான். படம் மேலிருந்து கோடுகோடாகத்தான் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போது இடி. என் கை ஒயருக்குப் போய்விட்டது.

"பொறுங்க கிராணி! கால்வாசிதான் போயிருக்கு."

"டிரஸர், மானம் கறுத்திருச்சு."

"அவன் அம்மா மூஞ்சிய அவன் பாக்கட்டும்லா. கைய எடுங்க."

எடுத்தேன். முப்பது வருஷம் துரைமார் சொன்னதைச் செய்த கை. அடுத்த இடியும் தூரத்தில்தான். அதற்கடுத்தது சுவரிலிருந்து மேசைக்கு வெள்ளையாகப் பாய்ந்தது. மோடத்தோடு கணினியும் அதிலிருந்த அத்தனை படங்களும் போயின. இருபது வீட்டிலும் மறுபடி வாங்கி ஸ்கேன் செய்ய உங்களுக்கு மனமில்லை. கல்யாணப் படத்துக்காரர் அதற்குள் அதை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கே போய்விட்டிருந்தார். கடிதம் போட்டேன், பதில் இல்லை.

கோபம் அதற்கில்லை. அடுத்த ஞாயிறு ஏழெட்டுப் பேர் உங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்தார்களே, அப்போது தேத்தண்ணியைக் கலக்கியபடி சொன்னீர்கள்: "கிராணிதான் ஒயர மறந்துட்டாரு. வயசாவுதுலா, என்ன செய்யிறது?"

"ஐயா தூங்கிட்டீங்களா?" என்றான் மணியம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் வேலியோரம் வந்தீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன். "நடக்கப் போலாமா?" என்றீர்கள். வந்தேன். அதற்குப் பிறகு எட்டு வருஷம் சேர்ந்து நடந்தோம். நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

'ஒருவனுக்காக இருபது வீட்டுப் படங்களையும் பணயம் வைத்தேன்' என்று சொல்ல உங்களுக்குத் தைரியம் இல்லை. சொல்லியிருந்தால் யாரும் உங்களைக் கடித்துத் தின்றிருக்க மாட்டார்கள். எதையும் மறக்காதவன் என்ற ஒரே பெயர்தான் எனக்கு இருந்தது. அதை எடுத்து உங்கள் பயத்துக்குப் போர்த்திக்கொண்டீர்கள்.

இன்று மணியம் என்ன சொன்னான் தெரியுமா?

"ஐயா, நீங்க அன்னிக்கு மறந்ததாலதான் அம்மாவ கண்ணு வரைக்கும் பாத்தேன். நேரத்துக்குப் புடுங்கியிருந்தா பந்தல் தோரணந்தான் தெரிஞ்சிருக்கும். மூணு நாளு கம்ப்யூட்டர அணைக்கவே இல்ல, கரண்டு போற வரைக்கும்."

காலைத் தொட்டுக் கும்பிட்டான். நோட்டு என் முழங்காலுக்கு எதிரே இழுப்பறையில் இருந்தது. '2.40 முதல் இடி. சொன்னேன். பொறுக்கச் சொன்னார்.' திறந்து காட்டியிருக்கலாம். "நல்லா இரு" என்று மட்டும் சொன்னேன். உங்களுக்கு வர வேண்டிய பழியோடு நன்றியும் இப்போது என்னிடம் வந்துவிட்டது. இரண்டையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

கல்யாணத்துக்குப் போவேன். யாராவது "ஒயர மறந்த கிராணி" என்று சிரித்தால் கூடச் சிரிப்பேன். ஆனால் உங்களுக்குத் தெரியும், டிரஸர். என் கை ஒயரில்தான் இருந்தது.